கதிர்வீச்சில் ஒளியிழை எவ்வளவு ஒளியை இழக்கிறது: அளப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஒளியிழையைக் காமா கதிரில் வைத்தால் அதன் கண்ணாடிக்குள் நிற மையங்கள் என்ற நுண் குறைபாடுகள் உண்டாகி, போகிற ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். கிலோமீட்டருக்கு எத்தனை டெசிபெல் கூடுதலாக இழக்கிறது, எவ்வளவு டோஸுக்கு (இழை உள்வாங்கிய கதிர் அளவுக்கு) அவ்வளவு இழக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலை. ஆங்கிலத்தில் Radiation Induced Attenuation என்பதை ஆர்ஐஏ என்று சுருக்கிச் சொல்வார்கள். இங்கே நான் கதிர் இழப்பு என்று எழுதுகிறேன்.

இந்த அளவீட்டில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. ஒருமுறை கதிர் பட்ட இழை பழைய இழையாகத் திரும்பாது. பவர் மீட்டரைத் தப்பாக வைத்திருந்தோம் என்று தெரிந்தால், அதே சுருளை எடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்க முடியாது. அதனால் வேலையில் முக்கால் பங்கு, காமா கதிர் தரும் கோபால்ட் மூலத்தின் பக்கமே போகாமல் மேசையில் நடக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவதை நான் பார்த்த இடங்கள் பெரும்பாலும் அந்த முக்கால் பங்கில்தான் இருந்தன.

எடுத்துக்காட்டாக, தொலைத்தொடர்பில் ஓடும் சாதாரண ஜி.652 சிங்கிள் மோட் இழையை கோபால்ட்-60 காமா சேம்பரில் வைத்து, 1310, 1550 நானோமீட்டரில் அளப்பதை எடுத்துக்கொள்கிறேன். இந்தியப் பல்கலைக்கழகங்களில் காணக்கிடைப்பது பிரிட் எனப்படும் கதிர்வீச்சு, ஐசோடோப் தொழில்நுட்ப வாரியத்தின் காமா சேம்பர் 5000. மாதிரி வைக்கும் உருளை மோட்டாரில் கீழே இறங்கி, சுற்றிலும் கோபால்ட் பென்சில்கள் நிற்கும் கூட்டுக்குள் போய் உட்காரும். முறைக்கு ஐஇசி 60793-1-54 என்ற தரநிலை இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

1. கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள்

எந்த இழை, எந்த அலைநீளம், எவ்வளவு டோஸ், என்ன டோஸ் வீதம், என்ன வெப்பநிலை. இந்த ஐந்தும் முடிவாகாமல் எதையும் வெட்டாதீர்கள்.

கதிர் இழப்பு டோஸை மட்டும் பொறுத்தது அல்ல என்பதுதான் காரணம். நிற மையங்கள் உண்டாகும்போதே ஒரு பக்கம் அழிந்துகொண்டும் இருக்கின்றன. அதே 100 கிரேயை (கிரே என்பது டோஸின் அலகு) ஒரு நிமிடத்தில் கொடுத்தால் ஒரு இழப்பு வரும். ஒரு மாதத்தில் கொடுத்தால் பெரும்பாலும் அதைவிடக் குறைவாக வரும். செயற்கைக்கோளுக்கான இழையைக் காமா சேம்பரில் வேகமாகச் சோதித்துவிட்டு, அதே எண்ணை விண்வெளிக்கும் எழுதிவிடுவது தவறு.

இழையின் கண்ணாடி என்ன என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோர், அதாவது ஒளி போகும் நடுப்பகுதி, தூய சிலிக்காவாகவும் உறையில் ஃப்ளோரின் கலந்தும் இருந்தால் இழப்பு குறைவாக இருக்கும். ஜெர்மேனியம் கலந்த சாதாரண இழை நடுத்தரம். பாஸ்பரஸ் கலந்திருந்தால் இழப்பு எகிறும். அந்த இழப்பு டோஸோடு கிட்டத்தட்ட நேர்விகிதத்தில் ஏறுவதால், செர்ன் ஆய்வகத்தில் பாஸ்பரஸ் இழையையே டோஸ் அளவியாகப் பயன்படுத்துகிறார்கள். எந்தக் கண்ணாடி என்று தெரியாமல் நீளத்தை முடிவு செய்ய முடியாது.

2. கையில் இருக்க வேண்டியவை

1310, 1550 லேசர் மூலங்கள். திறனைக் குறைக்க மாற்றக்கூடிய அட்டென்யுவேட்டர். ஒளியைப் பிரிக்க 50:50 கப்ளர். குறைந்தது மூன்று வாய் உள்ள, இன்கேஸ் (InGaAs) உணரி கொண்ட பவர் மீட்டர், அல்லது மூன்று தனி மீட்டர்கள். இழைகளை உருக்கி ஒட்டும் ஃப்யூஷன் ஸ்ப்ளைசர், இழையை நேராக வெட்டும் நல்ல கிளீவர், ஒளித் துடிப்பை அனுப்பி இழையின் நீளத்தைக் காட்டும் ஓடிடிஆர், வெப்பநிலை பார்க்கத் தெர்மோகப்பிள், எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்தில் பதியும் கணினி. கூடவே யுபிஎஸ். ஆறு மணி நேர ஓட்டத்தின் நடுவில் மின்சாரம் போனால் அந்தச் சுருள் வீண்.

கனெக்டர்கள் சாய்வு முகம் கொண்ட ஏபிசி வகையாக இருக்கட்டும். நேர் முகக் கனெக்டரில் திரும்பி வரும் ஒளி லேசரை ஆட்டும். அந்த ஆட்டம் வரைபடத்தில் கதிர் இழப்பு மாதிரியே தெரியும்.

சேம்பரை இயக்கும் அனுமதி, உங்கள் மேல் படும் டோஸைப் பதியும் டிஎல்டி பேட்ஜ், கதிரியல் பாதுகாப்பு அலுவலரின் ஒப்புதல் இவையெல்லாம் முதல் நாளே முடிந்திருக்க வேண்டும். இழை உள்ளே போகும் வழியைப் பற்றி ஒரு வார்த்தை: சேம்பரில் ஏற்கெனவே இருக்கும் சேவைக் குழாய் வழியாகத்தான் இழையை விட வேண்டும். நீங்களாக எங்கும் துளை போடவோ இன்டர்லாக் என்ற பாதுகாப்புப் பூட்டைத் தொடவோ கூடாது.

இன்னொன்று. கோபால்ட்-60 காமா கதிர் பட்டதால் இழை கதிரியக்கம் உள்ள பொருளாக மாறாது. 1.17, 1.33 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் அதற்குப் போதாது. வெளியே எடுத்த சுருளைத் தொட பயப்படும் மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் வருகிறார்கள். அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நியூட்ரானிலோ புரோட்டானிலோ வைத்த மாதிரிகள் வேறு கதை.

3. நீளத்தைக் கணக்குப் போட்டு வெட்டுங்கள்

மொத்த இழப்பு, முடிவில் 3 முதல் 10 டெசிபெலுக்குள் வரும்படி நீளத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் எதிர்பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் வைத்தால் மொத்தம் 0.2 டெசிபெல்தான். உங்கள் அமைப்பின் தள்ளாட்டம் (கதிர் இல்லாதபோதும் எண் ஆடும் அளவு) 0.02 டெசிபெல் என்றால் அங்கேயே 10 சதவீதப் பிழை. 200 மீட்டர் வைத்தால் 4 டெசிபெல்; அதே தள்ளாட்டம் அரை சதவீதமாகச் சுருங்கிவிடும்.

நீளம் அதிகமானால் வேறு சிக்கல். பாஸ்பரஸ் இழையில் 200 மீட்டர் வைத்தால் சில நிமிடங்களில் ஒளியே மறுமுனைக்கு வராது. அப்போது பவர் மீட்டர் காட்டுவது அதன் சொந்த இரைச்சல். வரைபடம் ஒரு உயரத்தில் போய்த் தட்டையாக நிற்கும். இழை செறிவு நிலையை அடைந்துவிட்டது என்று அதை எழுதிவிடும் ஆபத்து உண்டு. நீங்கள் பார்க்கும் தட்டைப் பகுதி மீட்டரின் தரையா, இழையின் குணமா என்று தெரிய நல்ல வழி, பாதி நீளத்தில் இன்னொரு சுருளை ஓட்டிப் பார்ப்பதுதான்.

சரியான நீளத்தை ஓடிடிஆரில் பாருங்கள். டிரம்மில் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பாதீர்கள். நீளத்தில் 2 சதவீதம் தப்பினால் கடைசி விடையிலும் அதே 2 சதவீதம் தப்பும்.

4. சுருளைத் தளர்வாகச் சுற்றுங்கள்

காமா சேம்பரின் உருளைக்குள் 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள சுருள் வசதியாக உட்காரும். 200 மீட்டருக்குச் சுமார் 530 சுற்று. இழையின் தடிமன் கால் மில்லிமீட்டர் என்பதால், ஒரே அடுக்காகச் சுற்றினால் உயரம் 13 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். இரண்டு மூன்று அடுக்காகச் சுற்றி உயரத்தைக் குறையுங்கள். மேலும் கீழும் டோஸ் வீதம் மாறுவதால் சுருளை உருளையின் நடுப்பகுதியிலேயே வைத்திருப்பது நல்லது.

இழுத்துச் சுற்றாதீர்கள். மூலத்துக்குப் பக்கத்தில் சேம்பருக்குள் சூடு ஏறும். ஸ்பூல் விரியும். இறுக்கமாக இருக்கும் இழையில் நுண் வளைவுகள் உண்டாகி ஒளி கசியும். 1550 நானோமீட்டரில் இது இன்னும் மோசம். கதிரே இல்லாமல் வரும் இந்த இழப்பைக் கதிர் இழப்பு என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. முடிந்தால் சுற்றிய பிறகு ஸ்பூலிலிருந்து கழற்றித் தளர்ந்த வளையமாகவே வையுங்கள்.

சுருளை 5 மில்லிமீட்டர் சுவர் உள்ள அக்ரிலிக் டப்பாவுக்குள் வையுங்கள். காமா கதிர் நேரடியாக டோஸ் கொடுப்பதில்லை; அது தட்டிவிடும் எலக்ட்ரான்கள்தான் கொடுக்கின்றன. சுற்றிலும் போதுமான பொருள் இல்லாவிட்டால் ஓரத்து இழைக்கு எலக்ட்ரான் குறைவாகக் கிடைக்கும். டோஸ் அளவியும் அதே டப்பாவுக்குள் இருந்தால் இரண்டுக்கும் ஒரே சூழல்.

5. வழி இழையையும் மறக்காதீர்கள்

மீட்டரிலிருந்து சுருள் வரை போய் வரும் இழையும் கதிரில் நனைகிறது. அதன் இழப்பும் உங்கள் எண்ணில் வந்து உட்காரும்.

இதற்கு ஒரு துணை வளையம் போடுங்கள். வழிக்குப் பயன்படுத்தும் அதே வகை இழையை, அதே குழாய் வழியாக, அதே ஆழம் வரை கொண்டுபோய், நடுவில் மாதிரி இல்லாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். இதற்கும் ஒரு மீட்டர் வாய் கொடுங்கள். பிறகு கணக்கில் இதைக் கழித்துவிடலாம். வழிக்குத் தூய சிலிக்கா கோர் இழை கிடைத்தால் கழிக்க வேண்டிய தொகையே சின்னதாகிவிடும்.

சேம்பருக்குள் கனெக்டர் வேண்டாம். ஸ்ப்ளைஸ் போதும். கையில் கிடைத்த பேட்ச் கார்டை உள்ளே விடும் பழக்கமும் வேண்டாம். அதற்குள் என்ன கண்ணாடி இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. வெளியே இருக்கும் இழைகளை மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். யாராவது கடந்து போகும்போது இழை அசைந்தாலே எண் மாறும்.

6. ஒளியைக் குறையுங்கள்

நான் அதிகம் பார்த்த தவறு இது. மீட்டரில் எண் நன்றாக நிற்கட்டும் என்று ஒரு மில்லிவாட்டை அப்படியே இழைக்குள் விடுவார்கள்.

ஒளி நிற மையங்களை அழிக்கும். இதை ஒளி வெளுப்பு என்பார்கள். நீங்கள் அளக்க அனுப்பும் ஒளியே அளக்க வந்த இழப்பைக் குறைத்துவிடும். எண் அழகாக, நிலையாக, உண்மையைவிடக் குறைவாக வரும். நிலையாக வருவதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

இழைக்குள் நுழையும் திறனை 1 மைக்ரோவாட், அதாவது மைனஸ் 30 டிபிஎம் அளவில் வையுங்கள். இன்கேஸ் மீட்டருக்கு 4 டெசிபெல் இழந்த பிறகும் இது தாராளம். உங்கள் இழையில் வெளுப்பு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? இரண்டு சுருளை ஒரே நேரத்தில் உள்ளே வைத்து, ஒன்றில் 1 மைக்ரோவாட்டும் மற்றதில் 100 மைக்ரோவாட்டும் விட்டுப் பாருங்கள். கோடுகள் பிரிந்தால் வெளுப்பு உண்டு.

திறனை இவ்வளவு குறைத்த பிறகு எதிர்ப்பக்கச் சிக்கல் ஒன்று வருகிறது. கதிரில் இருக்கும் இழை தானே கொஞ்சம் ஒளிரும். செரென்கோவ் ஒளியும் கண்ணாடியின் ஒளிர்வும் சேர்ந்து மீட்டருக்குள் போகும். கண்ணுக்குத் தெரியும் அலைநீளங்களில் இது பெரிது, 1310, 1550-இல் சின்னது. எப்படியிருந்தாலும் கதிர் ஓடும்போதே லேசரைச் சில நொடிகள் மூடி, மீட்டர் என்ன காட்டுகிறது என்று பதியுங்கள். பிறகு அதைக் கழியுங்கள். கதிர் இல்லாத நேரத்தில் எடுத்த இருட்டு அளவு இதற்கு ஈடாகாது.

7. டோஸை நீங்களே அளந்து பாருங்கள்

சேம்பரின் மேல் ஒட்டியிருக்கும் டோஸ் வீதத்தை அப்படியே எடுக்காதீர்கள். கோபால்ட்-60-இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள். இரண்டு ஆண்டுக்கு முன் எழுதிய சீட்டு என்றால் இன்றைய வீதம் அதில் 77 சதவீதம்தான்.

40 முதல் 400 கிரே வரை, டோஸ் அளக்கும் இரும்புக் கரைசலான ஃப்ரிக்கே கரைசல் நல்ல தோழன். 304 நானோமீட்டரில் அதன் உறிஞ்சலைப் படித்தால் போதும். ஆனால் கண்ணாடிக் குப்பியில் துளி அழுக்கு இருந்தாலும் எண் ஏறிவிடும், அதனால் கழுவுவதில் சோம்பல் கூடாது. அதற்கு மேற்பட்ட டோஸுக்கு அலனின் என்ற அமினோ அமில அளவி. இரண்டையும் மாதிரி இல்லாமல், அதே அக்ரிலிக் டப்பாவில், சுருள் உட்காரும் இடத்தில் வைத்து முதலிலேயே அளந்துவிடுங்கள்.

இந்த அளவிகள் சொல்வது தண்ணீருக்கான டோஸ். இழை சிலிக்கா. ஒரு கிராம் தண்ணீரில் எலக்ட்ரான்கள் அதிகம் என்பதால், கோபால்ட் கதிரில் தண்ணீருக்கு 100 கிரே போனால் சிலிக்காவுக்குச் சுமார் 90 கிரேதான் போகும். எதற்கான டோஸ் என்று சொல்லாமல் வெறும் ‘கிரே’ என்று எழுதினால் படிப்பவர் 10 சதவீதம் தடுமாறுவார். பழைய அறிக்கைகளில் ராட் இருக்கும். 100 ராட் ஒரு கிரே.

இறங்கும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். மணிக்கு 3.6 கிலோகிரே என்பது நொடிக்கு 1 கிரே. உருளை இறங்கவும் ஏறவும் சில நொடிகள் ஆகும், அந்த நொடிகளிலும் டோஸ் சேர்கிறது. 1000 கிரே கொடுப்பவருக்கு இது ஒன்றுமில்லை. 10 கிரே கொடுக்க நினைப்பவர் இந்தச் சேம்பருக்கே வரக்கூடாது. தூரத்தை மாற்றி வீதத்தைக் குறைக்கக்கூடிய திறந்த அறை மூலத்துக்குப் போக வேண்டும். அங்கே தூரத்தின் இருமடி விதி உங்களை விடாது: மூலத்திலிருந்து சுருளின் முன்பக்கம் 20 சென்டிமீட்டர், பின்பக்கம் 25 சென்டிமீட்டர் என்றால் பின்பக்கத்துக்கு முன்பக்கத்தில் 64 சதவீதம்தான் கிடைக்கும். சுருளின் முகத்தை மூலத்தை நோக்கித் தட்டையாக வையுங்கள்.

8. கதிர் இல்லாமல் ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள்

எல்லாவற்றையும் இணைத்து, லேசரைப் போட்டு, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். உண்மையான ஓட்டத்தில் என்ன செய்வீர்களோ அத்தனையும் நடக்கட்டும், கதிரைத் தவிர. டப்பாவை வெதுவெதுப்பான காற்றில் வைத்து, சேம்பருக்குள் எதிர்பார்க்கும் வெப்பநிலை வரை ஏற்றி இறக்குங்கள்.

இதைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். சேம்பரில் நேரம் கிடைப்பதே அரிது, ஒரு நாளை வீணாக்குவானேன் என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஒருமுறை இதைத் தாண்டிப் போனதில், மதியம் இரண்டு மணிக்கு ஒரு அழகான இறக்கம் வந்தது. அறையின் ஏசி அந்த நேரத்தில் நின்றதும், லேசரின் திறன் சரிந்ததும் சுருள் போன பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் ஓட்டத்தில் கிடைக்கும் கோட்டின் அகலம்தான் உங்கள் தள்ளாட்டம். அதைவிடச் சின்ன இழப்பை நீங்கள் அளந்ததாகச் சொல்ல முடியாது. அகலம் 0.05 டெசிபெலைத் தாண்டினால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் அது அழுக்குக் கனெக்டராகவோ, சூடாகாத லேசராகவோ இருக்கும். லேசருக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும்.

9. கதிரில் வைக்கும் நாள்

காலையில் லேசரைப் போடுங்கள். கனெக்டர்களைத் துடைக்கத் தோன்றும், துடைக்காதீர்கள். நேற்று நன்றாக ஓடிய அமைப்பை இன்று தொட்டால் நேற்றைய ஓட்டத்துக்கு அர்த்தமில்லை.

சுருள் மேலே இருக்கும்போதே அரை மணி நேரம் பதியுங்கள். இதுதான் தொடக்கக் கோடு. அப்புறம் இறக்குங்கள். முதல் பத்து நிமிடம் நொடிக்கு ஒரு முறை பதிய வேண்டும், ஏனென்றால் இழப்பு மிக வேகமாக ஏறுவது அப்போதுதான். பிறகு பத்து நொடிக்கு ஒன்று போதும்.

நடுவில் உருளையை மேலே எடுத்து எட்டிப் பார்க்காதீர்கள். எடுத்த நிமிடங்களில் இழை ஆறத் தொடங்கிவிடும், மறுபடி இறக்கினால் வேறு பாதையில் ஏறும். டோஸ் கோட்டில் விழும் அந்தப் பல்லை எந்தக் கணக்காலும் நிரப்ப முடியாது.

10. வெளியே எடுத்த பிறகும் பதிவை நிறுத்தாதீர்கள்

உருளை மேலே வந்ததும் எல்லோரும் மூச்சு விட்டு, கணினியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். இழை ஆறுவது அந்த முதல் சில நிமிடங்களில்தான் வேகமாக நடக்கும். அதைப் பார்த்தால்தான் எவ்வளவு இழப்பு தற்காலிகம், எவ்வளவு தங்கிவிடுவது என்று பிரிக்க முடியும்.

கதிரில் எவ்வளவு நேரம் வைத்தீர்களோ, குறைந்தது அவ்வளவு நேரம் ஆறவிட்டுப் பதியுங்கள். எடுத்த நொடியில் மறுபடி நொடிக்கு ஒரு பதிவுக்கு மாறுங்கள். சுருளை அசைக்க வேண்டாம். சேம்பரின் சூட்டிலிருந்து அறைக் குளிருக்கு வருவதால் தெர்மோகப்பிளும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஆறுவது வெப்பநிலையைப் பொறுத்தது.

11. கணக்கு

ஒவ்வொரு மீட்டர் எண்ணிலிருந்தும் முதலில், லேசரை மூடி எடுத்த இருட்டு அளவைக் கழியுங்கள்; கதிர் ஓடும்போது எடுத்த எண்ணுக்குக் கதிர் ஓடும்போது எடுத்த இருட்டு அளவு. பிறகு மாதிரியின் திறனைக் கப்ளரின் மறுகையில் இருக்கும் ஒப்பீட்டுத் திறனால் வகுங்கள். இந்த மறுகை சேம்பர் பக்கமே போகாதது. லேசரின் ஏற்ற இறக்கத்தை அது பிடித்துக்கொள்ளும்.

கற்பனை எண்களில் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். தொடக்கத்தில் மாதிரி 0.800, ஒப்பீடு 0.500 மைக்ரோவாட். விகிதம் 1.600. கதிருக்குப் பின் மாதிரி 0.310, ஒப்பீடு 0.490. விகிதம் 0.633. பின்னதை முன்னதால் வகுத்தால் 0.395. அதன் 10 அடிமான மடக்கையை 10-ஆல் பெருக்கினால் மைனஸ் 4.03, அதாவது 4.03 டெசிபெல் இழப்பு. துணை வளையத்தில் 0.15 டெசிபெல் இழப்பு என்றால், மாதிரியுடையது 3.88. நீளம் 0.2 கிலோமீட்டர். ஆக, கதிர் இழப்பு கிலோமீட்டருக்கு 19.4 டெசிபெல்.

ஒப்பீட்டையும் வளையத்தையும் விட்டிருந்தால் இதே எண்கள் 20.6 கொடுத்திருக்கும். 6 சதவீதம் தள்ளிப் போயிருப்போம்.

இழையின் இயல்பான இழப்பை இதில் கழிக்கக்கூடாது. தொடக்கக் கோட்டோடு ஒப்பிடும்போதே அது போய்விட்டது. இரண்டாவது முறை கழிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

12. அறிக்கையில் எழுத வேண்டியது

இழப்பு எண்ணோடு இவையும் போக வேண்டும்: இழையின் வகையும் டிரம் எண்ணும், நீளம், சுருள் விட்டம், அலைநீளம், இழைக்குள் விட்ட திறன், சிலிக்காவுக்கான டோஸ், டோஸ் வீதம், வெப்பநிலை, தள்ளாட்டத்தின் அகலம், ஆறும் கோடு. இவற்றில் திறனோ டோஸ் வீதமோ இல்லாத எண்ணை வேறொருவர் தன் இழையோடு ஒப்பிட முடியாது.

படம் போடும்போது டோஸ் அச்சை மடக்கை அளவில் வையுங்கள், தொடக்கத்து ஏற்றம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

சுருளைத் தூக்கி எறியாதீர்கள். தேதி, டோஸ் எழுதி இருட்டான பெட்டியில் வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்தால் தங்கிய இழப்பு எவ்வளவு என்று தெரியும். அதே டிரம்மிலிருந்து கதிர் படாத 200 மீட்டரையும் வெட்டிப் பக்கத்திலேயே வையுங்கள்.